கண் லென்ஸ் நழுவிய பையனுக்கு ஹோமோசிஸ்டீன் 212: ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். மகனுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. ஒல்லியாக, வயதுக்கு மீறிய உயரமாக இருப்பான். கண்ணாடி பவர் வருஷா வருஷம் ஏறி இப்போது மைனஸ் 9. போன மாதம் கண் மருத்துவமனையில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் நகர்ந்திருக்கிறது, மார்ஃபன் சிண்ட்ரோம் மாதிரி இருக்கிறது, இது இணைப்புத் திசு நோய் என்றார்கள். எக்கோ எடுத்ததில் இதயம் நார்மல். லென்ஸை எடுக்க அடுத்த மாதம் ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். நடுவில் எங்கள் குழந்தை டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹோமோசிஸ்டீன் 212, மெத்தியோனின் 460 என்று வந்திருக்கிறது, இது அமினோ அமில நோய் என்கிறார். அமினோ அமிலத்துக்கும் கண்ணுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? படிப்பில் மந்தமாக இருக்கிறானே என்று தினமும் இரண்டு முட்டையும் புரோட்டீன் பவுடரும் கொடுத்து வந்தேன், அதனால் வந்ததா? ஆபரேஷன் செய்யலாமா? நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். "நான்தானே என் தம்பி பொண்ணை எடுத்தேன்" என்று அத்தை தினமும் அழுகிறார். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் பார்க்க வேண்டுமா? பையனை கிரிக்கெட் ஆடவிடாமல் வைத்திருக்கிறேன், வீட்டில் தினமும் சண்டை.

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல் ஆபரேஷனில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் தேதி குறித்திருக்கிறார்கள். நாளைக் காலையிலேயே அந்தக் கண் மருத்துவமனைக்குப் போன் செய்து, "பையனுக்கு ஹோமோசிஸ்டீன் 212 வந்திருக்கிறது, ஹோமோசிஸ்டினூரியா என்று சந்தேகிக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் டாக்டர் சொன்ன அமினோ அமில நோயின் பெயர்தான் ஹோமோசிஸ்டினூரியா. இந்த வார்த்தையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே வாசித்தாலும் சரி. கண் டாக்டருக்கு மட்டுமில்லாமல் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் இது போய்ச் சேர வேண்டும். ஆபரேஷனைச் சில வாரம் தள்ளி வையுங்கள் என்றுதான் நான் சொல்லுவேன், அநேகமாக அவர்களும் அதையே சொல்லுவார்கள்.

காரணம் இதுதான். ஹோமோசிஸ்டீன் இவ்வளவு ஏறியிருக்கும் உடம்பில் ரத்தம் எளிதாகக் கட்டிக்கொள்ளும். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பல மணி நேரம், அப்புறம் அசையாமல் படுக்கை, இவை எல்லாமே ரத்தக்கட்டுக்கு வழிவிடுபவை. அதோடு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு இருக்கிறது, மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள், மற்ற குழந்தைகளுக்குப் பல காலமாகக் கொடுத்து வருவதுதான். ஆனால் ஹோமோசிஸ்டீனைத் திரும்ப மெத்தியோனினாக மாற்றும் நொதிக்கு பி12 வேண்டும், அந்த பி12ஐ இந்த வாயு செயலிழக்க வைத்துவிடும். ஏற்கெனவே 212 இருக்கிற பையனுக்கு அது இன்னும் ஏறும். அதனால் நைட்ரஸ் ஆக்சைடு இல்லாமல், முந்தின இரவே டிரிப்ஸ் ஏற்றி, முடிந்தால் ஹோமோசிஸ்டீனை முதலில் இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் இந்தக் குழந்தைகளுக்கும் லென்ஸ் ஆபரேஷன் நல்லபடியாக நடக்கிறது. நீங்கள் பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது, அவனுக்கு அது தேவைப்படலாம்.

காத்திருக்கும் நாட்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். திடீரென்று ஒரு கண் சிவந்து, வலி எடுத்து, பார்வை மங்கி, கூடவே தலைவலி வாந்தி என்று வந்தால், லென்ஸ் முன்பக்கமாக நழுவிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். அப்போது எந்தத் தேதிக்காகவும் காத்திருக்காமல், ராத்திரி எத்தனை மணியானாலும் கண் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், அங்கேயும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

சரி, அமினோ அமிலத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம். நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது.

புரதம் எல்லாமே அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்ததுதான். சாப்பிடும் புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாகப் பிரிந்து ரத்தத்தில் சேர்கிறது. அதில் மெத்தியோனின் ஒன்று, கந்தகம் உள்ளது. உடம்பு மெத்தியோனினைப் பயன்படுத்திய பிறகு மிஞ்சுவது ஹோமோசிஸ்டீன். இதற்கு இரண்டு வழி உண்டு. ஃபோலிக் அமிலமும் பி12-ம் துணை நிற்கத் திரும்பவும் மெத்தியோனின் ஆகிவிடலாம், இல்லாவிட்டால் பி6 துணையோடு வேலை செய்யும் ஒரு நொதி வழியாகப் போய் சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாறிவிடலாம். இரண்டாவது வழியில் இருக்கும் அந்த நொதியின் பெயர் சிஸ்டதயோனின் பீட்டா சிந்தேஸ். உங்கள் மகனிடம் அநேகமாக இதுதான் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் ஹோமோசிஸ்டீன் தேங்குகிறது, தேங்கியதில் ஒரு பங்கு திரும்பிப் போய் மெத்தியோனினையும் ஏற்றுகிறது, அந்தப் பக்கம் சிஸ்டீன் குறைகிறது. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் சாதாரணமாக 15 மைக்ரோமோலுக்குள் இருக்கும், மெத்தியோனின் 40, 45ஐத் தாண்டாது. உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டுமே எகிறியிருப்பதால்தான் உங்கள் டாக்டர் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறார். வெறும் பி12 குறைவாக இருந்தால் ஹோமோசிஸ்டீன் மட்டும் ஏறும், மெத்தியோனின் ஏறாது, குறைந்தே கூடக் காணப்படும். அவர் இரண்டையும் சேர்த்து எழுதியது நல்ல காரியம், அவருக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள்.

இப்போது கண். சாமியானா பந்தல் போடும்போது நாலாபக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவார்கள் இல்லையா, கண்ணுக்குள் லென்ஸ் அப்படித்தான் சுற்றிலும் மெல்லிய நூல்களால் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த நூல்களின் முக்கியப் பொருள் ஃபைப்ரில்லின் என்ற புரதம். ஒரு ஃபைப்ரில்லினில் 350க்கு மேற்பட்ட சிஸ்டீன்கள் இருக்கின்றன. அவை இரண்டிரண்டாகக் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்து நிற்பதால்தான் அந்தப் புரதம் வடிவம் குலையாமல் இருக்கிறது. ஹோமோசிஸ்டீனுக்கும் அதே மாதிரி ஒரு கந்தகக் கை உண்டு. அது அளவுக்கு மீறி இருக்கும்போது இந்த ஜோடிகளுக்குள் புகுந்து பிணைப்பைக் குலைக்கிறது என்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குத் தையல் போட்டது போலப் பிணைப்புகள் உண்டு, அந்தத் தையலும் இதனால் சரியாக விழுவதில்லை. பந்தல் கயிறு தளர்ந்தால் பந்தல் சாயும். லென்ஸ் நழுவுவது, கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போவது, கை கால் நீண்டு வளர்வது, எலும்பு அடர்த்தி குறைவது, முதுகெலும்பு வளைவது எல்லாம் இந்த ஒரே இடத்தில் இருந்து கிளம்புபவை.

மார்ஃபன் என்று முதலில் நினைத்ததற்கும் இதுவேதான் காரணம். மார்ஃபனில் அதே ஃபைப்ரில்லினைச் செய்வதற்கான மரபணுவே பழுது, அதை 1991-ல் கண்டுபிடித்தார்கள். அங்கே நூலே மோசமாக நெய்யப்படுகிறது. இங்கே நல்ல நூலை ஹோமோசிஸ்டீன் கெடுக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு பையன்களும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். கண் டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் சில வித்தியாசங்கள் உண்டு. மார்ஃபனில் லென்ஸ் பெரும்பாலும் மேல்நோக்கி வெளிப்பக்கமாக நகரும், இதில் கீழ்நோக்கி மூக்குப் பக்கமாக. மார்ஃபன் பிள்ளைகளின் மூட்டுகள் ரொம்பத் தளர்ந்து வளையும், இந்தப் பிள்ளைகளுக்கு மூட்டு விறைப்பாக இருக்கும், சம்மணம் போட்டு உட்காரச் சிரமப்படுவார்கள். மார்ஃபனில் இதயத்தில் இருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி விரிவது பெரிய ஆபத்து, அதைத்தான் எக்கோவில் தேடினார்கள். இதில் ஆபத்து ரத்தக்கட்டு, அது எக்கோவில் தெரியாது. படிப்பில் பின்தங்குவது மார்ஃபனின் குணம் இல்லை, இதில் அடிக்கடி பார்ப்பது. தலைமுடி செம்பட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சென்னையில் எல்லோரும் அதற்கு போர்வெல் உப்புத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்லுவோம், ஆனால் இந்த நோயிலும் முடி வெளிறும்.

இணைப்புத் திசு நோய் என்று இணையத்தில் தேடியிருப்பீர்கள், லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா என்றெல்லாம் வந்து பயமுறுத்தியிருக்கும். அந்தப் பெயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு அம்மா. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்குவது ஒன்று, அது முடக்குவாத டாக்டர்களின் துறை, உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. பிறவியிலேயே திசுவின் கட்டுமானம் பழுதாவது இன்னொன்று. அமினோ அமிலக் கோளாறு அந்த இரண்டாவது குடும்பத்துக்குள் வேறு வழியாகவும் வரும். ஆல்கேப்டனூரியா என்று ஒன்று, டைரோசின் என்ற அமினோ அமிலம் முழுதாகச் சிதையாமல் பாதியில் நின்று, சிறுநீர் காற்றுப்பட்டால் கறுத்துப்போகும், வயதானபின் குருத்தெலும்பில் கருமை படிந்து முதுகும் முட்டியும் தேயும். ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1902-ல் இதைப் பற்றி எழுதியபோதுதான், பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு என்ற எண்ணமே மருத்துவத்துக்குள் வந்தது. அவர் அப்போதே கவனித்தது, அந்தக் குடும்பங்களில் பலரும் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்பது.

ஹோமோசிஸ்டினூரியா அவ்வளவு பழையது இல்லை. 1962-ல் பெல்ஃபாஸ்டில் நினா கார்சனும் நீலும் மனவளர்ச்சி குன்றியவர்களின் சிறுநீரைப் பரிசோதித்துக்கொண்டு வரும்போது இதைக் கண்டார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சினிலும் அதே ஆண்டு தனியாகக் கண்டுபிடித்தார்கள். எந்த நொதி பழுது என்பதை 1964-ல் மட் என்பவரின் குழு சொன்னது. அடுத்த வருஷமே, மார்ஃபன் நோயில் பெரிய பெயர் பெற்ற விக்டர் மெக்குசிக்கின் குழு, லென்ஸ் நழுவியவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, 20 குடும்பங்களில் 38 பேருக்கு இந்த நோய் இருப்பதாக எழுதியது. அவர்களில் மார்ஃபன் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். 1965-ல் தெரிந்த விஷயம் இது. அறுபது வருஷம் ஆகிறது, இன்னும் என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் மார்ஃபன் என்ற ஃபைலோடுதான் வருகிறார்கள்.

ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. எட்டு வயதில் ஓர் இடத்தில் இரண்டு லென்ஸையும் எடுத்தார்கள், மார்ஃபன் என்று எழுதிக் கொடுத்தார்கள், வருஷா வருஷம் எக்கோ எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். பதினேழு வயதில் மாதவிடாய் சரியாக வரவில்லை என்று ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். மே மாத வெயிலில் ஒரு கல்யாணத்துக்கு வேனில் ஏழு மணி நேரம் போய் வந்தாள். மூன்றாம் நாள் கடுமையான தலைவலி, வாந்தி, வலிப்பு. மூளையின் சிரையில் ரத்தக்கட்டு. அப்புறம்தான் ஹோமோசிஸ்டீன் பார்த்தார்கள். இன்று அவள் வேலைக்குப் போகிறாள், ஆனால் வலது கையால் பொத்தான் போட முடியாது. எட்டு வயதில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்தக் கை இப்படி ஆகியிருக்காது. உங்கள் பையனுக்குப் பத்து வயதில் அந்தப் பரிசோதனை நடந்துவிட்டது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபடாமலே குழந்தையின் லென்ஸ் நழுவியிருந்தால், மார்ஃபன் என்று யார் சொன்னாலும், எக்கோவோடு சேர்த்து ஹோமோசிஸ்டீனும் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். வைட்டமின் மாத்திரை எதுவும் தொடங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டும், பி6 கலந்த பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால் சில பிள்ளைகளுக்கு அளவு இறங்கிப்போய் நோய் ஒளிந்துகொள்ளும். எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்துச் சீக்கிரம் பிரிக்க வேண்டும், வெளியில் கிடந்தால் சிவப்பணுக்களில் இருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து பொய்யாக ஏற்றிக் காட்டும். அதேபோல, மாஸ்டர் செக்கப்பில் பெரியவர்களுக்கு 20, 25 என்று வருவதைப் பார்த்து இந்த நோய் என்று பயந்துவிடாதீர்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் பி12 குறைவுதான், சைவம் சாப்பிடுபவர்களுக்கு ரொம்பச் சாதாரணம்.

முட்டைக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த முட்டையாலோ பவுடராலோ இந்த நோய் வரவில்லை. கருவிலேயே வந்தது. ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் மெத்தியோனின் இருக்கிறது, அவன் உடம்பால் அதைச் செலவழிக்க முடியாததால் எண் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான். பிள்ளை மந்தமாக இருக்கிறானே என்று முட்டை கொடுத்தது எந்தத் தாயும் செய்வது. புரோட்டீன் பவுடரை இன்றே நிறுத்துங்கள். ஆனால் மற்ற சாப்பாட்டை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிக அளவு பி6 கொடுத்தாலே நொதி ஓரளவு எழுந்து வேலை செய்ய ஆரம்பிக்கும். உங்கள் பையன் அந்தப் பாதியா இல்லையா என்பதுதான் இப்போது தெரிய வேண்டிய முதல் விஷயம். அதற்கு ஒரு சோதனை உண்டு. பி12-ம் ஃபோலிக் அமிலமும் குறைவாக இருந்தால் முதலில் சரி செய்துவிட்டு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமைத் தாண்டாமல், ஆறு வாரம் பி6 கொடுத்து, முன்னும் பின்னும் ஹோமோசிஸ்டீனை அளந்து பார்ப்போம். இந்த ஆறு வாரமும் சாப்பாடு வழக்கம்போல் இருக்க வேண்டும். சாப்பாட்டையும் சேர்த்துக் குறைத்தால் எண் இறங்கியது மாத்திரையாலா பட்டினியாலா என்று தெரியாமல் போய்விடும். கடையில் நீங்களே பி6 வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறி நாள்பட்டுப் போனால் கால் நரம்பு மரத்துப்போகும், அதனால் அளவும் காலமும் மருத்துவர் கையில் இருக்கட்டும்.

ஆறு வார முடிவில் ஹோமோசிஸ்டீன் 50க்குக் கீழே இறங்கினால் அவன் முழுப் பலன் பெறும் கூட்டம், மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் போதும், உணவில் பெரிய கட்டுப்பாடு வேண்டியிருக்காது. பாதி வழியில் நின்றால், அல்லது அசையவே இல்லையென்றால், மெத்தியோனின் குறைந்த சாப்பாடு, மெத்தியோனின் இல்லாத விசேஷப் பால் பவுடர், பீட்டெய்ன் என்ற மருந்து இவற்றைச் சேர்த்து 100க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்போம். பீட்டெய்ன் ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாகத் திருப்பி அனுப்புகிறது, அதனால் மெத்தியோனின் எகிறும், 1000ஐத் தொட்டால் மூளை வீங்கும் ஆபத்து உண்டு, இரண்டையும் அளந்துகொண்டே போக வேண்டும்.

சாப்பாட்டு வைத்தியம் வந்தால் என்ன ஆகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "புரதமே கூடாது" என்று யாராவது பயமுறுத்துவார்கள். முட்டை, மீன், கோழி, பனீர், பால் எல்லாம் அளவாகும் அல்லது போய்விடும். அசைவத்தை நிறுத்தினால் போதும் என்று நினைத்து எள்ளுருண்டை கொடுத்துவிடுவார்கள், எள்ளில் மெத்தியோனின் ரொம்ப அதிகம், இட்லிப் பொடியில் எள் சேர்ப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். ஆனால் நல்லெண்ணெயில் புரதம் இல்லை, அது தாராளம். பருப்பு வகைகளில் மற்றப் புரதத்தோடு ஒப்பிட்டால் மெத்தியோனின் குறைவு, அதனால் சாம்பார் முழுக்கப் போய்விடாது, தண்ணியாக, அளந்து இருக்கும். சோறும் இட்லியும் கணக்கில் சேரும், அரிசியிலும் புரதம் இருக்கிறது. ஜவ்வரிசி, மரவள்ளிக் கிழங்கு, காய்கறி, பழம், நெய், வெல்லம் ஆகியவை வயிற்றை நிரப்பும். ஜவ்வரிசி உப்புமாவை நம் ஊரில் எத்தனை விதமாகச் செய்யலாம் என்று என் கிளினிக்கில் வரும் ஓர் அம்மா மற்ற அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வளரும் பிள்ளைக்குப் புரதமே இல்லாமலும் முடியாது, அதற்குத்தான் அந்த விசேஷப் பவுடர், மெத்தியோனின் தவிர மற்ற அமினோ அமிலங்கள் அதில் இருக்கும். விலை அதிகம், அதை மறைக்கவில்லை. 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில், விசேஷ உணவால் கட்டுப்படுத்தக்கூடிய நோய்களின் பட்டியலில் ஹோமோசிஸ்டினூரியா இருக்கிறது, சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் வரை உதவி கேட்க முடியும். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு எல்லா ரிப்போர்ட்டோடும் போய் இதைப் பற்றி விசாரியுங்கள், பெரம்பூரில் இருந்து உங்களுக்குத் தூரமும் இல்லை.

சிகிச்சைக்குப் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி தூங்காமல் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். 2001-ல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து, சிகிச்சையில் இருந்த 158 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். சிகிச்சை இல்லாதிருந்தால் அவ்வளவு காலத்தில் 112 முறை ரத்தக்குழாய் அடைப்பு வந்திருக்க வேண்டும், வந்தது 17. நழுவிய லென்ஸ் திரும்ப இடத்துக்கு வராது. படிப்பில் விட்டுப்போனது எல்லாம் வந்துவிடும் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் எண் இறங்கியதும் பிள்ளைகள் சுறுசுறுப்பாவதையும் கவனம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பார்வை சரியாகத் தெரியாததால் போர்டைப் பார்க்காமல் மந்தம் என்று பெயர் வாங்கியிருக்கவும் கூடும், பள்ளியில் முன் பெஞ்ச் கேளுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, தண்ணீர். அக்னி நட்சத்திரம் முடியும்வரை அவன் பாட்டில் காலியாக இருக்கக் கூடாது. வாந்தி பேதி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே ஓஆர்எஸ், குடிக்க முடியாவிட்டால் உடனே டிரிப்ஸ். ஊருக்கு நீண்ட பஸ் பயணம் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கட்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், விடாத தலைவலியோடு வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, இதில் எது வந்தாலும் 108.

மகளுக்குக் கட்டாயம் பாருங்கள். அவள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் நான்கு வயதில் லென்ஸ் இன்னும் நழுவாமல் இருக்கலாம். அவளுக்கு இருப்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, பையனை அழைத்துப் போகும் அதே நாளில் முடித்துவிடலாம். இருந்தால் கண்ணும் மூளையும் பழுதாவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கலாம், அது அவள் அண்ணனுக்குக் கிடைக்காத வாய்ப்பு. பிறந்தவுடன் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்தோமே என்று சொல்லுவீர்களானால், அந்தப் பரிசோதனையில் மெத்தியோனினைத்தான் பார்ப்பார்கள், பி6-ஆல் பலன் பெறும் பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாளில் அது ஏறியிருக்காது, அதனால் தப்பிவிடும்.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். இந்த மரபணுப் பழுது உங்களிடம் ஒன்று, உங்கள் கணவரிடம் ஒன்று இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவர்களுக்கு இந்த நோய் வராது, அதனால் அது தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் வரும். உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்து அத்தைக்கும் உங்கள் அப்பாவுக்கும் வந்து, அங்கிருந்து உங்கள் இருவருக்கும் வந்திருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது, அதனால் இப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, அதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. ஆனால் சொந்தமே இல்லாதவர்களுக்கும் இந்த நோயோடு பிள்ளை பிறக்கிறது, சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன. தம்பி பெண் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டதில் அத்தைக்கு என்ன பாவம்? அவரை ஒரு வேலைக்கு அமர்த்துங்கள்: பையனுக்கு மாத்திரையும் தண்ணீரும் வேளாவேளைக்குக் கொடுப்பது. அடுத்து ஒரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் அதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கருவிலேயே பார்க்க வழி இருக்கிறது. மகளுக்கு நோய் இல்லாவிட்டாலும் அந்த ஒற்றைப் பழுது இருக்கலாம், அவளுக்குத் திருமணம் பேசும் காலத்தில் இந்த ஃபைல் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை விஷயமும் அவளுக்கு நோய் இருப்பது உறுதியானால் பொருந்தும், ஈஸ்ட்ரோஜன் உள்ளது எதுவும் ஆகாது.

கிரிக்கெட். கார்க் பந்து வேண்டாம், மோதி விழும் விளையாட்டுகளும் வேண்டாம், கண்ணுக்கு ஒரு காரணம், எலும்புக்கு இன்னொரு காரணம். எலும்பு அடர்த்தியை ஒரு ஸ்கேனில் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுகிறேன். அதுவரை மொட்டை மாடியில், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, கண்ணாடியோடு, ஸ்பாஞ்சு பந்தில் அவன் பவுலிங் போடட்டும், தங்கச்சி பேட்டிங் செய்யட்டும். ஓவருக்கு ஒருமுறை தண்ணீர்.